ஆறு பேர்ச் இல்லாத காணி, கட்ட விடலாமா? சபைத் திட்டமிடல் குழுவில் இருப்பவர்களுக்கு, தளர்வு கொடுப்பது பற்றிய முழுமையான வழிகாட்டி

2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சபைகளில் கனக்கப் புதிய முகங்கள். அதற்கு முன் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இல்லாமல் ஆணையாளரும் செயலாளரும்தான் கந்தோரை நடத்தினார்கள். புதிதாக வந்தவர்களில் இரண்டு மூன்று பேர் வெவ்வேறு நாட்களில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "சேர், காணி சின்னது, பின்பக்கம் இடம் விட ஏலாது, கொஞ்சம் தளர்த்தித் தாங்கோ என்று சனம் வந்து நிற்குது. கொடுக்கலாமா, கூடாதா?"

நான் மட்டக்களப்புப் பக்கம் உள்ளூராட்சி மன்றத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கோப்பையும் டேப்பையும் தூக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்திருக்கிறேன், திட்டமிடல் குழுவுக்கு முன்னால் நின்று விளக்கமும் சொல்லியிருக்கிறேன். கொடுக்க வேண்டிய இடத்தில் மறுத்ததையும், மறுக்க வேண்டிய இடத்தில் கொடுத்ததையும் பார்த்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். தளர்வு என்றால் கட்டட விதியை ஒரு காணிக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. அது காணிக்குக் கொடுப்பது, ஆளுக்குக் கொடுப்பதல்ல. கேட்டு வருகிறவர் பாவமா, வசதியானவரா, உங்களுக்கு வாக்களித்தவரா என்பது கேள்வியே இல்லை. இந்தக் காணியில் ஏதோ ஒன்று இருப்பதால் மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் பொருந்துகிற விதி இங்கே அநியாயமாகிறதா என்பதுதான் கேள்வி. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான். தளர்வு கேட்டு விண்ணப்பிக்கிறவர்களும் வாசிக்கலாம், உங்கள் கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்று விளங்கும்.

படி 1: எந்தச் சட்டத்தின் கீழ் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்

இது சலிப்பான வேலைதான், ஆனாலும் தவற விடாதீர்கள். உங்கள் சபைப் பிரதேசம் வர்த்தமானியில் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தால் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் பொருந்தும். அதிகார சபை தன் அதிகாரத்தைச் சபைக்குக் கையளித்திருக்கும், நீங்கள் அந்தக் கையளிப்பின் எல்லைக்குள் நின்றுதான் முடிவெடுக்கிறீர்கள். பிரகடனப்படுத்தாத பகுதி என்றால் 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம். ஒரே பிரதேச சபைக்குள் ஒரு பகுதி முதலாவதன் கீழும் மிச்சம் இரண்டாவதன் கீழும் வருவதுண்டு, ஆகவே கோப்பைத் திறந்ததும் காணி வரைபடத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேளுங்கள்.

அப்புறம், எந்த விதியைத் தளர்த்தச் சொல்கிறார்களோ அந்த விதியையே எடுத்து வாசியுங்கள். "வழமையாக 6 பேர்ச்" என்று வாய்வழியாகச் சொல்லுவது போதாது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஒழுங்குவிதிகளில் இருந்து வந்த குறைந்தபட்சக் காணி அளவு 150 சதுர மீற்றர், அகலம் 6 மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்பதால் அது 6 பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் "கொஞ்சம்" காரணமாக 5.95 பேர்ச் காணிக்காரர் ஒருவரைத் தேவையில்லாமல் தளர்வுக்கு அலைய விட்டதை நான் கண்டிருக்கிறேன். அவருக்குத் தளர்வே தேவைப்படவில்லை, யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை. 2021 இல் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்திருக்கின்றன, உங்கள் நகரத்துக்கென்று தனி அபிவிருத்தித் திட்டமும் இருக்கலாம். மேசையில் கிடக்கிற பழைய போட்டோப்பிரதியை நம்பாமல் நடைமுறையில் உள்ளதை எடுக்கச் சொல்லுங்கள். அதில் தளர்த்தும் அதிகாரம் யாருக்கு, எந்த வாசகத்தில் இருக்கிறது என்று அடிக்கோடு போட்டு வையுங்கள். அந்த வாசகம் இல்லாவிட்டால் உங்களிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை, கோப்பை அதிகாரம் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

படி 2: உங்கள் கையில் இல்லாததை முதலிலேயே ஒதுக்குங்கள்

சனம் "சபை அனுமதி தந்தது" என்று நம்பிக் கட்டி, பிறகு வேறொரு திணைக்களம் வந்து நிறுத்தினால் அந்தச் சனத்துக்கு நாங்கள் செய்தது துரோகம். எங்கள் மாவட்டங்களில் இது அடிக்கடி நடக்கக்கூடியது, ஏனென்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் பிரதான வீதி.

கடற்கரையில் இருந்து 300 மீற்றர் உள்நோக்கிக் கரையோர வலயம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே அபிவிருத்தி வேலைக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2011 திருத்தத்துக்குப் பிறகு கடலோடு சேர்ந்த வாவி, களப்பு ஓரங்களில் 100 மீற்றரும் சேர்ந்துகொண்டது. பிரதான வீதிகளின் கட்டடக் கோடு, அதாவது வீதியில் இருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற கோடு, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. வாய்க்கால், குளம், வாவி ஒதுக்கங்கள் அரச காணி. அரசு அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப்பத்திரத்திலோ கொடுத்த காணி என்றால் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் உள்ளே வரும், துண்டாடவோ கைமாற்றவோ பிரதேச செயலாளரிடம்தான் போக வேண்டும். இவற்றில் எதையும் திட்டமிடல் குழு தளர்த்த முடியாது. விண்ணப்பகாரரிடம் அதை முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லுங்கள், ஆறு மாதம் கழித்துக் கடிதத்தில் சொல்லாதீர்கள்.

படி 3: இது உண்மையில் தளர்வுக் கோப்புத்தானா?

"கஷ்டம்" என்ற தலைப்பில் வருகிற கோப்புகளில் பாதி வேறு வகை.

ஒன்று, கட்டி முடித்துவிட்டு வருவது. இதைக் கவரிங் அப்ரூவல் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குத் தனிக் கட்டணம், தனி நடைமுறை. "ஏற்கனவே காசு போட்டுவிட்டேன், இடித்தால் நட்டம்" என்பது காணியின் கஷ்டம் அல்ல, அனுமதி இல்லாமல் தொடங்கியதன் விளைவு. கட்டாமல் வந்திருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பீர்களோ அதே அளவுகோலை வையுங்கள், கூடவும் வேண்டாம், பழிவாங்கக் குறைக்கவும் வேண்டாம்.

இரண்டு, ஊர் முழுவதுக்கும் உள்ள கஷ்டம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் கட்டக் கூடாத வலயம் என்று அரசாங்கம் அறிவித்தது நினைவிருக்கும். மட்டக்களப்பில் நாவலடி, கல்லடி, டச்பார் பக்கம் நின்று பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருப்பதே ஒரு மணல் நாக்கு. அதில் 200 மீற்றரைக் கழித்தால் எஞ்சுவது எவ்வளவு? அம்பாறைக் கரையிலும் அதே நிலைதான். அந்த 200 மீற்றர் கஷ்டத்தைக் கோப்புக் கோப்பாகத் தளர்த்திச் சமாளித்திருக்க முடியாது. விதியையே திருத்தினார்கள், பின்னர் கரையோரம் பேணல் திணைக்களத்தின் இடத்துக்கு இடம் மாறுகிற பின்வாங்கல் தூரங்களுக்கு, அதாவது கடலில் இருந்து தள்ளிக் கட்ட வேண்டிய தூரங்களுக்கு, திரும்பினார்கள். அதுதான் சரியான வழி. உங்கள் மேசைக்கு வருகிற இரண்டு கோப்பில் ஒன்று பின்பக்க இடைவெளியைத் தளர்த்தச் சொல்கிறது என்றால், காத்தான்குடி மாதிரி வீடும் வீடும் ஒட்டி நிற்கிற ஊர்களில் அது அப்படித்தான் வரும், பிழை காணியில் இல்லை, விதி அந்த ஊருக்குப் பொருந்தவில்லை. அதை எழுத்தில் தொகுத்து, எண்ணிக்கையோடு, அபிவிருத்தித் திட்டத்தைத் திருத்தும்படி அதிகார சபைக்கு அனுப்புங்கள். தளர்வையே விதியாக்கி ஓட்டினால் கேட்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும், கேட்கத் தெரியாதவன் மட்டும் விதிப்படி கட்டுவான்.

மூன்றாவது வகைதான் உங்கள் வேலை: அந்த ஒரு காணிக்கென்று உள்ள கஷ்டம்.

படி 4: இடத்துக்குப் போங்கள், டேப்போடு

வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். போய் என்ன பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் எல்லைக்கல். உறுதியோடு வந்த நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு மூலையிலும் கல்லைத் தேடுங்கள். வேலி நிற்கிற இடம் எல்லை என்று நினைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு தடவை கதிகால் மாற்றி வேலி அடைக்கும்போதும் அரை அடி அங்கும் இங்கும் போயிருக்கும். அடுத்தது கிணறும் மலசலகூடக் குழியும். அந்த வளவில் உள்ளவை மட்டுமல்ல, சுற்றியுள்ள மூன்று வளவிலும் எங்கே இருக்கின்றன என்று எட்டிப் பார்த்துக் குறியுங்கள். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் காலங்காலமாகக் கேட்கிற தூரம். எங்கள் கரையோர மணலில் தண்ணீர் சல்லடையில் ஓடுவது போல ஓடும், மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்து குழியைத் தொடும். மற்ற எதில் தளர்வு கொடுத்தாலும் இதில் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பக்கத்து வீட்டுப் பிள்ளை குடிக்கிற தண்ணீரை வைத்து இந்த வீட்டுக்காரருக்கு இரக்கம் காட்ட எங்களுக்கு உரிமை இல்லை.

பிறகு மழைத்தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வளவுத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், அயலவரிடம் கேளுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் எதுவரை நின்றது என்று கேட்டால் சுவரைத் தொட்டே காட்டுவார்கள். பின்பக்க இடைவெளி என்று சட்டம் சொல்வதை நாங்கள் வெளிச்சம், காற்று என்று மட்டும் நினைக்கிறோம். எங்கள் ஊர்களில் அதுதான் கனக்க இடங்களில் வடிகால்.

ஒரு முறை அப்படியொரு வளவுக்குப் போயிருந்தேன். ஒழுங்கை ஆறடி. உள்ளே போனால் அந்த அம்மா முற்றத்தில் கதிரை போட்டு, இஞ்சித் தேத்தண்ணி வைத்து, "தம்பி, மூத்தவளுக்குக் கலியாணம் பொருந்திட்டு, வைகாசிக்குள்ள வீடு முடிக்கணும்" என்றார். நான் டேப்பின் ஒரு நுனியை அவருடைய மகனிடம் கொடுத்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். பின் வேலியோடு ஒட்டினாற்போல மற்ற வளவில் சிமெந்துக் கட்டு வைத்த கிணறு, வாளிக் கயிறு ஈரமாக இருந்தது. அந்தக் கிணற்றில் இருந்து இந்த அம்மா குழி வெட்டக் குறித்திருந்த இடத்துக்கு 19 அடி. வரைபடத்தில் அந்தக் கிணறு இல்லவே இல்லை, ஏனென்றால் அது அடுத்த காணி. பிளான் கீறியவர் பொய் சொல்லவில்லை, அவர் தன் காணியை மட்டும் கீறினார். அன்று போகாமல் கந்தோரில் இருந்தே பரிந்துரை எழுதியிருந்தால் நான் எதற்குக் கையெழுத்து வைத்திருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசையும்.

படி 5: கஷ்டத்தை எடைபோடும் கேள்விகள்

அமெரிக்காவில் 1916 இல் நியூயோர்க் நகரம் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் வலய ஒழுங்குவிதி கொண்டுவந்தபோதே தளர்வுக் கோரிக்கைகளை விசாரிக்க ஒரு மேன்முறையீட்டுச் சபையையும் வைத்துவிட்டது. 1920களில் அந்த நாட்டு வர்த்தகத் திணைக்களம் மாநிலங்களுக்கு வெளியிட்ட மாதிரிச் சட்டம் "தேவையற்ற கஷ்டம்" என்ற சொல்லைப் பரப்பியது. 1939 இல் நியூயோர்க் மாநிலத்தின் அதியுயர் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டோ எதிர் ஸ்டைன்ஹில்பர் வழக்கில் மூன்று விடயம் கேட்டது: விதிப்படி பயன்படுத்தினால் காணியில் நியாயமான பயன் உண்டா, இந்த நிலைமை இந்தக் காணிக்கே உரியதா அல்லது அந்தப் பகுதி முழுக்க உள்ளதா, தளர்த்தினால் அந்த இடத்தின் தன்மை மாறுமா. அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டாது. ஆனால் இந்தக் கேள்விகளை எங்கள் ஒழுங்கைக்குக் கொண்டுவந்தால் நன்றாகவே வேலை செய்கின்றன.

காணியின் வடிவம், அளவு, பள்ளம், பக்கத்தில் ஓடும் வாய்க்கால், வீதி அகலிப்பில் சபையே எடுத்துக்கொண்ட துண்டு, இவையெல்லாம் காணியின் கஷ்டம். பிள்ளைக்குக் கலியாணம், வெளிநாட்டில் இருந்து மகன் காசு அனுப்பிவிட்டான், கடன் எடுத்தாயிற்று, அடுத்த வீட்டான் மூன்று மாடி கட்டினான், இவை ஆளின் கஷ்டம். கேட்கும்போது மனசு உருகும், உருகாவிட்டால்தான் பிழை. ஆனால் அந்த அம்மா நாளைக்கு வளவை விற்றுவிட்டுப் போகலாம், தளர்வு மட்டும் சுவராக நூறு வருடம் நிற்கும்.

கடினமான கேள்வி, தானே உண்டாக்கிய கஷ்டம். கிழக்கில் இது எங்கள் குடும்ப அமைப்போடு பின்னிய விடயம். வீடு பெண்பிள்ளைக்கு. தாய் இருந்த காலேக்கர் வளவு 40 பேர்ச், நாலு பெண்பிள்ளைக்குப் பிரித்தால் பத்துப் பத்து. அந்த ஒவ்வொரு பத்தும் அடுத்த தலைமுறையில் மூன்று பிள்ளைக்கு என்றால் தலைக்கு 3.3 பேர்ச். யாரும் தப்புச் செய்யவில்லை, எல்லோரும் பிள்ளையைக் கரைசேர்க்கிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தத் தகப்பனே சின்னக் காணியை உண்டாக்கிவிட்டு, காணி சின்னது என்று தளர்வு கேட்கிறார்.

இதில் நான் கடைப்பிடித்தது உறுதியின் திகதி. அந்தப் பகுதி அபிவிருத்திப் பிரதேசமாக வருவதற்கு முன்பே துண்டாகி, தனி உறுதியோடு கைமாறி வந்த காணி என்றால் இப்போதைய சொந்தக்காரர் மேல் பழி இல்லை, தாராளமாக யோசியுங்கள். போன வருடம் நன்கொடை உறுதி எழுதி, சபையின் உபபிரிவிடல் அனுமதி எடுக்காமல் துண்டாடிவிட்டு வந்தால் இறுக்கமாக இருங்கள். உண்மையில் இறுக வேண்டிய இடம் வீட்டுப் பிளான் அல்ல, அதற்கு முந்திய துண்டாடல்தான். அந்தக் கட்டத்தில் தகப்பனைக் கூப்பிட்டு இருத்தி, துண்டாடாமல் கீழ் வீடு மூத்தவளுக்கும் மேல் வீடு இளையவளுக்கும் என்று கட்டலாமே, 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிமனைச் சட்டத்தின் கீழ் இரண்டு பேருக்கும் தனித்தனி உரிமை எழுதும் வழியை ஒரு நொத்தாரிசிடம் கேளுங்கள் என்று சொல்லிக் கொடுக்கலாம். "ஏலாது, போங்கோ" என்று சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

படி 6: கணக்குப் போடாமல் கை தூக்க வேண்டாம்

இரண்டு காணியைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள்தான், ஆனால் இப்படியான காணிகள் நாவற்குடாவிலும் கல்முனையிலும் எங்கும் உண்டு. இரண்டிலும் முன்பக்கம் சபை ஒழுங்கைக்கு 10 அடி, பின்பக்கம் 7.5 அடி, அதாவது 2.3 மீற்றர், விட வேண்டும் என்று வைப்போம்.

முதலாவது, அகலம் 25 அடி, நீளம் 52 அடி. 1,300 சதுர அடி, ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதால் 4.77 பேர்ச். சின்னக் காணி, கேட்டவுடன் இரக்கம் வரும். ஆனால் முன்னும் பின்னும் கழித்தால் நீளத்தில் 34.5 அடி மிஞ்சுகிறது, நிலத்தில் 862 சதுர அடி. மேல் மாடியும் போடலாம். வீடு கட்ட இடம் இருக்கிறது, ஆசைப்பட்ட வீட்டுக்குத்தான் இடமில்லை. காணி சின்னது என்பதற்கு ஒரு தளர்வு கொடுக்கலாம், பின்பக்க இடைவெளிக்குக் கொடுக்கக் காரணமே இல்லை.

இரண்டாவது, முன்பக்கம் 30 அடி, பின்பக்கம் 9 அடி, நீளம் 58 அடி, கூம்பிக்கொண்டு போகிற காணி. 4.15 பேர்ச். ஒரு பக்கம் முழுவதும் வாய்க்கால், அதற்கு 8 அடி ஒதுக்கம் விட வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள்: முன்பக்கம் 10 அடி தள்ளினால் அந்த இடத்தில் மிஞ்சும் அகலம் 18 அடி சொச்சம், ஒழுங்கையில் இருந்து 33 அடி போவதற்குள் அது 10 அடியாகச் சுருங்கிவிடும், அதற்கு அப்பால் ஒரு அறைகூட வராது. கட்டக்கூடிய இடம் 326 சதுர அடி. முதலாவது காணியைவிட அரைப் பேர்ச்சும் கொஞ்சமும்தான் குறைவு, ஆனால் கட்டக்கூடிய இடம் பாதிகூட இல்லை. இதுதான் காணியின் கஷ்டம்.

இங்கே எதைத் தளர்த்துவது? வாய்க்கால் ஒதுக்கத்தை அல்ல, அது உங்கள் கையிலும் இல்லை, மாரியில் அந்த ஒழுங்கைக்கே அதுதான் வடிகால். முன்பக்கம் 10 அடியை 5 ஆக்கினால் 96 சதுர அடி கூடும், மொத்தம் 422. கீழே ஒரு கூடமும் குசினியும், மேலே இரண்டு அறையும் என்று ஒரு குடும்பம் இருக்கலாம். ஒழுங்கை முட்டு ஒழுங்கை, அகலிக்கும் திட்டம் இல்லை, முன்வீடுகளும் அந்தக் கோட்டில் நிற்கின்றன என்றால் யாருக்கும் நட்டமில்லை. 10 அடியையும் முழுவதாகத் தளர்த்தச் சொல்லிக் கேட்டிருப்பார், நீங்கள் 5 அடியோடு நிற்பாட்டுங்கள். கஷ்டம் தீர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, அதற்கு மேல் ஒரு அங்குலமும் வேண்டாம்.

படி 7: அயலவரைக் கேளுங்கள், ஆனால் அவர் கடிதத்தோடு நின்றுவிடாதீர்கள்

பக்கத்து வளவுக்காரரின் சம்மதக் கடிதம் கோப்பில் இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிற பழக்கம் எங்களிடம் உண்டு. கடிதம் தந்தவர் சித்தப்பாவாக இருப்பார், அல்லது சந்தையில் முகம் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கையெழுத்து வைத்திருப்பார். அவரோடு தனியாக, விண்ணப்பகாரர் இல்லாத நேரம் பேசுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழும், யன்னல் எந்தப் பக்கம் வரும் என்று பிளானை விரித்துக் காட்டிக் கேட்டால்தான் அவருக்கே விளங்கும். சம்மதம் இல்லை என்பதற்காகவே மறுக்கவும் கூடாது, பழைய வேலிச் சண்டைக்குச் சபையைக் கம்பாகப் பாவிப்பார்கள்.

நிபந்தனைகள் இங்கேதான் பிறக்கும். அந்தப் பக்கச் சுவரில் யன்னல் வேண்டாம், கூரைக்குப் பீலி போட்டுத் தண்ணீரைச் சொந்த வளவுக்குள் இறக்க வேண்டும், குழி இந்த இடத்தில் மட்டும். கண்ணால் போய்ப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய நிபந்தனையாக எழுதுங்கள். "அயலவருக்கு இடைஞ்சல் இல்லாமல்" என்று எழுதினால் யார் எதை அளப்பது?

படி 8: உறவு என்றால் எழும்பி வெளியே போங்கள்

எங்கள் ஊர்களில் ஒரு குழுவில் ஆறு பேர் இருந்தால் அதில் ஒருவராவது விண்ணப்பகாரருக்கு மச்சான் முறையாக இருப்பார். வெட்கப்பட ஒன்றுமில்லை. "இது என் சொந்தம், நான் இந்த விடயத்தில் இல்லை" என்று சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்து, அறையை விட்டு வெளியே போங்கள். கதிரையில் இருந்துகொண்டே பேசாமல் இருப்பது போதாது, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர் கை தூக்குவார். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நலன் முரண்பாட்டையும் பேசுகிறது என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

படி 9: காரணத்தை எழுதுங்கள்

நான் வேலை செய்த ஒரு சபையில் ஒரு கோப்பு. பின்பக்க இடைவெளி முழுவதும் தளர்த்திக் கொடுத்தோம், நானே பரிந்துரைத்தேன், காரணமும் நியாயமானது, அந்தக் காணியின் பின்பக்கம் ஒரு பழைய மயானச் சுவர். ஆனால் குறிப்பில் எழுதியது மூன்றே சொல்: "விசேடமாகப் பரிசீலித்து அனுமதிக்கப்பட்டது". சில வருடம் கழித்து அதே ஒழுங்கையில் மூன்று பேர் வந்து, அவருக்குக் கொடுத்தீர்கள், எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். அவர்கள் காணிக்குப் பின்னால் வீடுகள். கோப்பைத் திறந்து காட்ட எங்களிடம் காரணம் இல்லை. புதிதாக வந்திருந்தவர்கள் தகராறு வேண்டாம் என்று மூவருக்கும் கொடுத்தார்கள். அடுத்த மாரியில் அந்த நாலு வளவுத் தண்ணீரும் பின்வீட்டுக் குசினிக்குள் நின்றது. பயிற்றங்காய்ப் பந்தலைத் தாண்டி முழங்கால் தண்ணீரில் நின்ற அந்த வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நானும் தண்ணீரில் நின்றேன்.

ஆகவே இப்படி எழுதுங்கள், நீளம் என்று பயப்பட வேண்டாம்: "காணி முன்பக்கம் 30 அடி, பின்பக்கம் 9 அடி எனக் கூம்பியுள்ளது. கிழக்கு எல்லை முழுவதும் வாய்க்கால் ஒதுக்கம். ஒழுங்குவிதிப்படி கட்டக்கூடிய பரப்பு 326 சதுர அடி மட்டுமே. இந்த ஒழுங்கையில் வேறு எந்தக் காணிக்கும் இந்நிலை இல்லை. உறுதி, பிரதேசம் பிரகடனப்படுத்தப்படுவதற்கு முந்தியது. முன்பக்க இடைவெளி 10 அடியில் இருந்து 5 அடியாகத் தளர்த்தப்படுகிறது. ஒழுங்கை முட்டு ஒழுங்கை என்பதால் போக்குவரத்துக்குப் பாதிப்பில்லை. நிபந்தனைகள் மூன்று." அவ்வளவுதான். வாசிக்கிறவர் காணியைக் காணாமலே கண்டுவிடுவார். அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. ஒரே மாதிரி இரண்டு கோப்புக்கு இரண்டு முடிவு எடுத்தால் வித்தியாசம் எங்கே என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது.

படி 10: மறுக்கும்போது

இல்லை என்று சொல்வதையும் அதே அக்கறையோடு எழுதுங்கள். எந்த விதி, ஏன் இந்தக் காணிக்குத் தளர்வு தேவையில்லை, பிளானில் எதை மாற்றினால் அனுமதி கிடைக்கும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத மறுப்புக் கடிதம் பாதிக் கடிதம்தான். முதலாவது காணிக்காரருக்கு, மேல் மாடி போட்டால் நீங்கள் கேட்ட அறைகள் வரும் என்று ஒரு வரி எழுதினால் அவர் தரகரைத் தேடிப் போகமாட்டார்.

விண்ணப்பகாரருக்கு ஒன்று: கடிதத்தில் காரணம் இல்லாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கூட்டக் குறிப்பையும் தொழில்நுட்ப அறிக்கையையும் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேன்முறையீடு எழுதினால் வேறு பலம். அனுமதி இல்லாமல் கட்டத் தொடங்க வேண்டாம். நகர அபிவிருத்திச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் அறிவித்தல் வந்து, நீதவான் நீதிமன்றத்தில் இடிக்கும் கட்டளை வரை போகலாம், அங்கே போய்க் காணியின் கஷ்டம் பேச முடியாது.

படி 11: கட்டி முடிந்த பிறகு

நிபந்தனை போட்ட கோப்புக்கு, சி.ஓ.சி என்று எல்லோரும் சொல்கிற இணக்கச் சான்றிதழ் கொடுக்கும் முன் ஒருவர் கட்டாயம் நேரில் போக வேண்டும். பீலி போட்டாயிற்றா, யன்னல் இல்லையா, குழி சொன்ன இடத்திலா. குழி மூடும் முன் ஒரு தடவை போவது நல்லது, மண் போட்டு மூடிய பிறகு யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

கடைசியாக ஒரு பதிவுப் புத்தகம். கணினி இருந்தால் அதிலும் வையுங்கள், ஆனால் மட்டை போட்ட பெரிய கொப்பி ஒன்று குழு மேசையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு தளர்வுக்கும் ஒரு வரி: திகதி, ஒழுங்கை, எந்த விதி, எவ்வளவு, ஏன். மறுத்ததும் அதில் வர வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை எல்லோரும் உட்கார்ந்து அந்தக் கொப்பியை முதல் பக்கத்தில் இருந்து வாசியுங்கள். ஒரே ஒழுங்கையின் பெயர் ஐந்தாம் தடவை வருகிற இடத்தில் நிறுத்தி, அடுத்த கோப்பை எடுக்காமல், டேப்பை எடுத்துக்கொண்டு எல்லோரும் அந்த ஒழுங்கைக்குப் போங்கள்.